எழுதாத கூலி

கமக்காரருக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வேலணையிலும் புங்குடுதீவிலும் புகையிலை வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பரப்புக்கு எத்தனை கன்று, எத்தனை நாளுக்கு ஓர் இறைப்பு, கிணற்றில் நல்ல தண்ணீர் எந்த மாதம் வரை நிற்கும், உவர் ஏறும் மாதம் எது என்று தலைகீழாகச் சொல்வார்கள். நெடுந்தீவில் மழையை நம்பி நெல் விதைத்தவர்களிடமும் இதே கணக்கு இருந்தது. அதை எழுதி வைக்கக் கொப்பி தேவைப்படவில்லை. வரம்பில் நின்று பார்த்தாலே கணக்குத் தெரிந்தது.

நிலத்தை விட்டு எழும்பிய அன்று அந்தக் கணக்கும் போயிற்று. 1990 ஆகஸ்டிலும் 1991 ஒக்டோபரிலும் நடந்த இராணுவ நடவடிக்கைகளின்போது தீவகத்தை விட்டு வெளியேறிய எமது மக்கள், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோது இரண்டாம் முறை எழும்பினார்கள். தென்மராட்சி, வன்னி என்று அலைந்தவர்கள் அதன் பின்னும் எத்தனை தரம் எழும்பினார்கள் என்பதை அவர்களே விரல்விட்டுச் சொல்வார்கள். சிலர் திரும்பி வந்துவிட்டார்கள். சிலர் போன இடத்திலேயே வேர் பிடித்துவிட்டார்கள். வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. சொந்த நிலத்தில் வேலை செய்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், இன்று பிறரிடம் கூலிக்குப் போகிறார்கள். மேசனுக்குக் கையாளாக, வீதி வேலைக்கு, கடையில் நிற்க, வாடியில் நண்டு துப்புரவாக்க, வேறொருவர் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்க என்று போகிறார்கள்.

கூலிக்காரருக்கும் ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு வரம்பில் தெரியாது. அது எழுதி வைக்கப்பட வேண்டும். இதை நாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தாய் எங்களுக்குக் காட்டினார்.

வேலணைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. தகப்பன் ஒரு கொந்தராத்துக்காரரிடம் நாட்சம்பளத்துக்கு வேலை செய்தார். மதகு கட்டும் வேலை. நாளுக்கு 2,000 ரூபா என்று வாயால் பேச்சு. இடையிடையே முற்பணம் வாங்கினார். வேலை முடிந்தது. கொந்தராத்துக்காரர் தனக்கு இன்னும் காசு வரவில்லை என்று சொன்னார். பிறகு தொலைபேசியை எடுக்காமல் விட்டார். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, கணவனும் மனைவியும் யாழ்ப்பாணத்தில் தொழில் திணைக்களத்துக்குப் போனார்கள். துணைக்கு எங்களில் ஒருவர் போனார்.

அலுவலர் நல்லவர். இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “எத்தனை நாள் ஐயா வேலை செய்தனீங்கள்?”

“இருவது இருவத்தைஞ்சு நாள் வரும்.”

“எந்தத் திகதியிலையிருந்து?”

“பொங்கல் கழிஞ்சு... அடுத்த கிழமை போலை.”

“முற்பணம் எவ்வளவு வாங்கினனீங்கள்?”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பையிலிருந்து ஒரு கலண்டரைச் சுருளாக எடுத்தார். அடுப்படிச் சுவரில் தொங்கியது. புகை பிடித்திருந்தது. “கடைக்காரருக்குக் கடன் சொல்லுறதுக்காண்டி வட்டம் போட்டு வைச்சனான் ஐயா” என்றார். வேலைக்குப் போன நாளுக்கு முழு வட்டம், மழைக்கு நின்ற நாளுக்கு அரை வட்டம். முற்பணம் வந்த நாளில் தொகை. எண்ணிப் பார்த்தோம். முழு வட்டம் 24, அரை வட்டம் 3. இருபத்தைந்தரை நாள். 51,000 ரூபா. முற்பணம் 15,000 கழிய மிகுதி 36,000.

கொந்தராத்துக்காரரை அழைத்தபோது அவர் இருபது நாள்தான் என்றார். அவரிடம் எழுத்தில் எதுவும் இருக்கவில்லை. கலண்டர் மேசையில் கிடந்தது. கடைசியில் 25 நாளுக்கு ஒப்புக்கொண்டு 35,000 ரூபாவை இரண்டு தவணையில் கொடுத்தார். அரை நாள் தகராறில் போயிற்று. அந்தக் கலண்டர் இல்லாவிட்டால் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இது ஒரு குடும்பத்தின் கதையென்றாலும், நம்பிக்கையின் பேரில் கூலி பேசுவது தீவகத்துக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் தீவகத்துப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதில் கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டணங்களுக்கும் கடைச் சிப்பந்திகளாகப் போனார்கள். முதலாளி அதே ஊரவர், பெரும்பாலும் சொந்தக்காரர். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. சம்பளம் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறும். கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு தொகை கையில் வரும். எவ்வளவு என்று கேட்பது மரியாதைக் குறைவு. இந்த முறையால் முன்னுக்கு வந்தவர்கள் உண்டு என்பதை நாம் மறைக்கக்கூடாது. முதலாளி பிடித்து வைத்த பணமே பின்னர் முதலாக மாறி, சிப்பந்தி தானும் ஒரு கடை போட்டதை நம் ஊர்களில் எல்லோரும் அறிவார்கள். ஆனால் கோபித்துக்கொண்டு வெளியேறியவருக்குக் கணக்கு யார் காட்டினார்கள்? 1958இலும் 1977இலும் 1983இலும் கடைகள் எரிந்தபோது முதலாளியின் பொருள் எரிந்தது என்றுதான் நாம் பேசினோம். அந்தப் புத்தகத்தில் இருந்த சிப்பந்தியின் பல வருட உழைப்பும் சேர்ந்து எரிந்ததை எத்தனை பேர் பேசினோம்?

இத்தனைக்கும் அந்தப் பையன்களுக்காக 1954இலேயே சட்டம் வந்துவிட்டது. கடைகள், அலுவலக ஊழியர் சட்டம் என்று அதற்குப் பெயர். வேலைக்கு எடுக்கும்போதே வேலையின் தன்மை, சம்பளம், அது கொடுபடும் காலம் ஆகியவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும், நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதற்கும் முன், 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. கட்டட வேலை உட்படப் பல தொழில்களுக்கு அதன் கீழ்ச் சபைகள் உண்டு. கிழமைச் சம்பளமாயின் கிழமை முடிந்து மூன்று நாளுக்குள், மாதச் சம்பளமாயின் மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுபட வேண்டும். சம்பளப் பதிவேடு வைத்திருப்பது முதலாளியின் கடமை. “எனக்குக் காசு வரவில்லை” என்பது கொந்தராத்துக்காரருக்கும் அவருக்கு வேலை கொடுத்தவருக்கும் இடையிலான பிரச்சினை. அது கூலியைப் பிடித்து வைக்கக் காரணமாகாது.

துண்டு என்ற சொல்

சம்பளத்தோடு ஒரு துண்டும் கேட்டு வாங்குங்கள் என்று நாம் சொல்லும்போது முதியவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. குறிப்பாக வன்னியில் எமது மக்களுக்குப் பக்கத்து வளவில் இருந்த மலையகக் குடும்பங்களின் முதியவர்கள். 1977 கலவரத்தின் பின் அங்கு வந்து குடியேறியவர்கள் அவர்கள். அவர்களுடைய பாட்டன், பூட்டன் காலத்தில் ‘துண்டு’ என்பது வேறொரு பொருள்.

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளி கங்காணிக்குக் கடன்பட்டவராகவே வேலையைத் தொடங்கினார். கப்பல் செலவு, அரிசி, துணி எல்லாம் அவர் பேரில் கடனாக ஏறின. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகை கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்பேன் என்று துரை ஒரு கடதாசி எழுதிக் கொடுப்பார். அதுதான் துண்டு. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் அங்கேயும் தொடரும். மனிதரையே கைமாற்றிய அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணியின் பிடி உடனே விட்டுவிடவில்லை. பத்திரிகையாளர் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசியதும், 1931இல் அவர் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனம் அமைத்ததும் அதன் பிறகு நடந்தவை.

இதை இங்கு சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தத் துண்டில் எழுதியிருந்தது தொழிலாளி கொடுக்க வேண்டியது. இன்று நாம் கேட்கச் சொல்லும் சம்பளத் துண்டில் எழுத வேண்டியது அவருக்கு வர வேண்டியது. ஆனால் முற்பணம் வாங்கி வாங்கி, கணக்கு முதலாளியின் கையில் மட்டும் இருக்குமாயின் பழைய துண்டுக்கும் புதியதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. திருமணத்துக்கு, கூரைத் தகரத்துக்கு, பிள்ளையின் படிப்புக்கு என்று பெருந்தொகை முற்பணம் வாங்கிய ஒருவர், கூலி குறைவு என்று தெரிந்தும் வேலையை விட முடியாமல் நிற்பதை நாம் இன்றும் காண்கிறோம். முற்பணம் உதவிதான். வாங்கிய அன்றே தொகையும் திகதியும் இரு பக்கமும் எழுதப்பட்டால் மட்டும் அது உதவியாக இருக்கும்.

தோட்டத்துக் கதையில் பெண்களுக்கும் ஒரு பாடம் உண்டு. 1927இன் சட்டப்படி 1929இல் குறைந்த கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்து அந்தத் தொழிலையே தாங்கியவர்கள் பெண்கள். இருவருக்கும் ஒரே கூலி என்று ஆக 1984 வரை சென்றது. எமது தீவுகளில் அந்த 1984 இன்னும் வரவில்லைப் போலும். வெங்காயத் தோட்டத்தில் விடியத் தொடங்கிக் குனிந்தபடி நிற்கும் பெண்ணுக்கு, பக்கத்தில் அதே நேரம் நிற்கும் ஆணை விடக் குறைவாகத்தான் கொடுக்கிறோம். “அது வழமை” என்கிறோம். யாருடைய வழமை?

இன்றைய அளவு

2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. அப்போது மாதம் 10,000, நாளுக்கு 400 ரூபா. பின்னர் கூட்டப்பட்டு, 2025 ஏப்ரலில் மாதம் 27,000, நாளுக்கு 1,080 ஆகவும், 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000, நாளுக்கு 1,200 ஆகவும் உயர்ந்தது. இதில் ஆண், பெண் என்ற வேறுபாடு கிடையாது. மேசன் வேலைக்குப் போகும் ஆண்கள் இதை விடக் கூடுதலாக வாங்குவதால் அவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கும், பொதி கட்டும் இடங்களிலும் வாடிகளிலும் வேலை செய்யும் பெண்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மாதம் 15,000 ரூபாவும் மதியச் சாப்பாடும் என்று பேசி ஒரு பிள்ளையை நிறுத்துவது இன்று சட்டத்துக்கு மாறானது, முதலாளி எவ்வளவு அன்பானவராக இருந்தாலும்.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் சட்டம். நிரந்தர ஊழியருக்கு மட்டுமே இது என்று பலர் நினைக்கிறார்கள். தற்காலிகமாக, நாட்சம்பளத்துக்கு, துண்டு வேலைக்கு வைத்திருப்பவருக்கும் கட்ட வேண்டும். ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 சதவீதம். ஒருவருக்கு 40,000 ரூபா என்றால் அவரிடம் 3,200 வெட்டி, முதலாளி 4,800 சேர்த்து, 8,000 ரூபாவை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதம், அதாவது 1,200. அதை ஊழியரிடம் வெட்டவே கூடாது. இரண்டு தவறுகளை நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஒன்று, முதலாளியின் 12 சதவீதத்தையும் ஊழியரின் சம்பளத்திலேயே வெட்டுவது. மற்றது, 8 சதவீதத்தை வெட்டிவிட்டு ஒன்றுமே கட்டாமல் விடுவது. உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் இல்லை என்றால் காசும் கட்டப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நின்றவருக்கு விலகும்போது பணிக்கொடையும் உண்டு, மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம்.

சட்டம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, நாம் தீவில் இருக்கிறோம் என்று நெடுந்தீவுச் சகோதரர் ஒருவர் சொன்னார். சிரிப்பதற்கில்லை. அங்கிருந்து படகில் குறிகாட்டுவான், அங்கிருந்து பேருந்தில் புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பட்டணம். கடல் குழம்பினால் அதுவும் இல்லை. மூன்று நாள் கூலியைக் கேட்பதற்கு ஒரு நாள் கூலியையும் பயணக் காசையும் இழக்க வேண்டும். முதலாளிக்கும் இது தெரியும். ஆகவே தனியே போகாதீர்கள். ஒரே இடத்தில் வேலை செய்த நாலைந்து பேர் சேர்ந்து ஒரே முறைப்பாடாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். பிரதேச செயலகத்தில் நடமாடும் சேவை நடக்கும் நாளைக் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.

முறைப்பாட்டில் யாருடைய பெயரை எழுதுவது என்பதே பலருக்குச் சிக்கல். பெரிய கொந்தராத்துக்காரர் சின்னக் கொந்தராத்துக்காரரிடம் கொடுத்திருப்பார். அவர் மேசனிடம் விட்டிருப்பார். மேசன் உங்களைக் கூட்டிப் போயிருப்பார். வேலை தொடங்கும் அன்றே, கூலி தருவது யார், அவருடைய முழுப்பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டு எழுதிவிடுங்கள். வாகனத்தின் இலக்கத்தைக் கூட எழுதி வைத்த ஓர் இளைஞரைக் கண்டோம். கெட்டிக்காரன்.

கொப்பி எப்படியும் இருக்கலாம், பிள்ளையின் பழைய பள்ளிக்கொப்பியில் மிஞ்சிய தாளாகவும் இருக்கலாம். திகதி, இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன வேலை, பேசிய கூலி, வாங்கிய முற்பணம், கையில் வந்த காசு, மிகுதி. கிழமைக்கு ஒரு தரம் கூலி கொடுப்பவரிடம் காட்டி ஒரு கையொப்பம் கேளுங்கள். அவர் மறுத்தால் அதையும் எழுதுங்கள், “இன்ன நாள் கேட்டேன், போடவில்லை” என்று. அன்றன்று எழுதிய கொப்பிக்கும், முறைப்பாட்டுக்குப் போக முதல் நாள் ஒரே பேனையால் எழுதிய கொப்பிக்கும் உள்ள வித்தியாசம் அலுவலருக்கு ஒரு பார்வையில் தெரியும்.

நாமும் கூலி கொடுத்தவர்கள்

இதுவரை கூலி வாங்குபவரின் பக்கம் நின்று எழுதினோம். எமது வாசகர்களில் பலர் முன்பு கூலி கொடுத்தவர்கள். காணி திரும்பக் கிடைத்து, பற்றை வெட்டவும் கிணறு இறைத்துத் துப்புரவாக்கவும் இன்று மறுபடி கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சூடு மிதித்து முடிந்ததும் நெல்லாகக் கொடுத்தோம், தீபாவளிக்குத் துணி கொடுத்தோம். அவற்றைக் கூலி என்று நாம் சொல்லவில்லை, கொடை என்று நினைத்தோம். வாங்கியவர் முற்றத்துக்கு வெளியே நின்று வாங்கினார். இடப்பெயர்வில் ஒரே பாடசாலைக் கூரையின் கீழ், ஒரே வரிசையில் நிவாரணத்துக்கு நின்றோம். அதன் பின்னும் ஊர் திரும்பியவுடன் பழைய அளவையும் பழைய பேச்சையும் எடுப்போமாயின், எமக்கு நடந்தது எதுவும் எமக்கு உறைக்கவில்லை என்றே ஆகும்.

திருச்சபையின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பாலர் பாடசாலை ஆசிரியை, கோயில் மணியடிப்பவர், மடத்துச் சமையற்காரி ஆகியோருக்கு நாம் கொடுப்பதற்கு ‘உதவுதொகை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். சேவை என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கும் பழக்கம் எம்மிடமும் உண்டு. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலாளி சம்மதித்துவிட்டார் என்பதனால் மட்டும் ஒரு கூலி நியாயமாகிவிடாது என்ற கருத்து இருக்கிறது. அதை நாம் கருத்தரங்குகளில் படிப்பிக்கிறோம். திராட்சைத் தோட்ட உவமையையும் கடைசியில் வந்தவருக்கும் சமமாகக் கொடுத்த தாராளத்துக்காகவே பிரசங்கிக்கிறோம். அதே உவமையில், மாலையானதும் வேலையாட்களைக் கூப்பிட்டுக் கூலியைக் கொடு என்று தோட்டக்காரர் மேற்பார்வையாளருக்குச் சொல்வதையும் கவனிக்கலாம். அன்றைய கூலி அன்றே கொடுபட்டது.

பழைய காசு

இன்னொரு விடயம், முதியவர்களுக்கு. 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையிலோ, 1983இற்கு முன் கொழும்பில் முறையாகப் பதிந்த கடை, கொம்பனிகளிலோ வேலை செய்தவர்களில், ஓடிய ஓட்டத்தில் சேமலாப நிதியை எடுக்காமல் விட்டவர்கள் இருக்கக்கூடும். ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் அதை எடுக்கலாம். திருமணத்தின் பொருட்டு வேலையை விட்ட பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. அங்கத்தவர் இறந்திருந்தால் அவர் பெயர் குறித்தவரோ, சட்டப்படி உரித்துடையவரோ கேட்கலாம். கடதாசி எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டதே என்று சும்மா இருக்க வேண்டாம். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இறந்தவராயின் மரணச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். அங்கத்துவ இலக்கம் ஞாபகம் இல்லாதவர்கள், வேலை செய்த இடத்தின் பெயரையும், சேர்ந்த வருடத்தையும் விலகிய வருடத்தையும், கூட வேலை செய்த இரண்டொருவரின் பெயரையும் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய சம்பளத் துண்டு ஒன்று எங்காவது பெட்டியின் அடியில் அகப்பட்டால் அதையும் கொண்டுபோங்கள், எவ்வளவு கிழிந்திருந்தாலும்.